வாங்காதே... ஆனால் வாங்கலாம்!

ஆபீஸ் சர்க்குலரை முழுசாகப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? நம்மில் முக்கால்வாசிப் பேர் முதல் வரியோடு நிறுத்திவிடுவோம். 'இன்று முதல் ஓவர்டைம் கிடையாது.' உடனே வயிறு எரியும். ஆனால் விவரம் தெரிந்த ஹெட் கிளார்க் முதல் வரியைப் பார்க்கவே மாட்டார். நேராகக் கடைசி வரிக்குப் போவார். அங்கே இருக்கும்: 'நிர்வாகத்தின் முன் அனுமதி பெற்ற இனங்கள் நீங்கலாக.' நிம்மதியாகக் காபி சாப்பிடக் கிளம்பிவிடுவார்.

அமெரிக்கா போடுகிற சில சட்டங்களையும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. முக்கியமாக, 'எதிரி நாட்டுக்காரனிடம் ஆயுதம் வாங்காதே' என்கிற ரகச் சட்டங்கள். ரஷ்யாவிடம் வாங்காதே, சீனாவிடம் வாங்காதே என்று முப்பது வருஷமாக விதவிதமாகத் தடை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் முதல் வரி கர்ஜிக்கும். கடைசி வரி கொஞ்சம் கனைக்கும்.

நான் பி.காம். வக்கீலும் இல்லை, ராக்கெட் விஞ்ஞானியும் இல்லை. ஆனால் இந்தச் சட்டங்களைப் புரிந்துகொள்ள அதெல்லாம் தேவையில்லை சார். பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் புத்தி இருந்தால் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சரி, அவன்கிட்ட வாங்கலை. வேற யார்கிட்ட வாங்கப் போறே?"

துப்பாக்கியில் ஆரம்பிப்போம்

1994 மே மாதம். சீனாவுக்குக் கொடுத்துவந்த வர்த்தகச் சலுகையை நீட்டிப்பதா, வேண்டாமா என்று அமெரிக்காவில் ஒரே வாக்குவாதம். 1989-ல் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த கொடுமையை யாரும் மறக்கவில்லை. சலுகையை நிறுத்தினால் அமெரிக்க வியாபாரிகள் கத்துவார்கள். நீட்டித்தால் மனித உரிமைக்காரர்கள் கத்துவார்கள்.

ஜனாதிபதி கிளின்டன் என்ன செய்தார்? சலுகையை நீட்டித்தார். கூடவே, சீனத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இனிமேல் நாட்டுக்குள் வரக் கூடாது என்று தடை போட்டார். வீட்டில் பையன் பரீட்சையில் ஃபெயில். பெல்ட்டை எடுக்க மனசு வராத அப்பா, "ஒரு வாரத்துக்கு உனக்கு ஐஸ்க்ரீம் கட்!" என்பாரே, அந்த மாதிரி.

நோரின்கோ போன்ற சீன அரசுக் கம்பெனிகளின் மலிவு விலைத் துப்பாக்கிகள் அதுவரை அமெரிக்கக் கடைகளில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. அவை நின்றுபோயின. (வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் ஷாட்கன் மட்டும் தடைக்கு வெளியே. சொன்னேனே, கனைப்பு!) 1996-ல் சீனாவிலிருந்து கள்ளத்தனமாக வந்த 2,000 ஏகே-47 ரகத் துப்பாக்கிகளைக் கலிஃபோர்னியாவில் பிடித்தார்கள்.

இது உருப்படியாக நின்ற தடை. காரணம் வீரமோ கொள்கையோ அல்ல. துப்பாக்கி விற்க அமெரிக்காவிலேயே ஆயிரம் கடை. சீனச் சரக்கு வராவிட்டால் பக்கத்து ஷெல்ஃபிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாற்று இருந்தது, அதனால் தடை நின்றது.

மாற்று இல்லாவிட்டால்? நான் ஒரு சின்ன ஃபாக்டரியில் பர்ச்சேஸ் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாள் முதலாளிக்கும் ஒரு சப்ளையருக்கும் போனில் வாய்ச்சண்டை.

"அந்தாள்கிட்ட இனிமே ஒரு வாஷர்கூட வாங்கக் கூடாது!"

"சரி சார். ஆனா அந்தப் பழைய மெஷினுக்கு பேரிங் அவர்கிட்ட மட்டும்தான் சார் கிடைக்கும்."

"எத்தனை நாளைக்கு ஸ்டாக் இருக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு வரும் சார்."

"அப்ப ரெண்டு மாசம் கழிச்சு யோசிப்போம்."

வெளியே வந்ததும் ஸ்டோர் கீப்பர் பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னார். "கோபத்தை எழுத ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கட்டம் கிடையாது தம்பி."

இனி வரப்போகிற மூன்று கதைகளும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். மெஷினின் விலை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

எதிரியின் இன்ஜின், நம்ம சாட்டிலைட்

அட்லஸ் என்று ஒரு ராக்கெட் வரிசை. ஆதியில் இது சோவியத் யூனியனைக் குறிவைத்து அமெரிக்கா செய்த முதல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை. அதே வம்சத்தில் வந்த அட்லஸ்-5, 2002-ல் முதல்முறையாகப் பறந்தது. அமெரிக்காவின் உளவு சாட்டிலைட்டுகள், ராணுவ சாட்டிலைட்டுகள் எல்லாவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு போன ராக்கெட். அதன் அடிவயிற்றில் எரிந்த இன்ஜின்? ஆர்.டி.-180. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிம்கி என்ற ஊரில் எனர்கோமாஷ் கம்பெனி செய்தது!

ரஷ்யா மேலே வைத்திருக்கிற பார்வையை ரஷ்ய இன்ஜினே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்து வீட்டை வேவு பார்க்க அவர்கள் வீட்டு ஏணியையே இரவல் வாங்கின கதை.

ஏன் வாங்கினார்கள்? 1990களில் சோவியத் யூனியன் உடைந்து ரஷ்ய விஞ்ஞானிகளுக்குச் சம்பளமே இல்லாத நிலை. அவர்கள் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் போய்விடக் கூடாது என்று அமெரிக்கா பயந்தது. தவிர, இன்ஜின் நிஜமாகவே அபாரம். அந்த டெக்னிக்கில் அமெரிக்கர்களிடம் அப்போது பெரிய இன்ஜின் இல்லை. விலையும் மலிவு. சுமார் 100 இன்ஜினுக்கு சுமார் 100 கோடி டாலர் என்று ஆர்டர் போட்டார்கள். பர்ச்சேஸ்காரன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவ்வளவு நல்ல பேரம்.

2014 மார்ச்சில் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டது. அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை அறிவித்தது. அந்தத் தடைப் பட்டியலில் ரஷ்யத் துணைப் பிரதமர் ரோகோஸினும் ஒருவர். மனிதருக்குக் கோபம். ஏப்ரலில் ட்விட்டரில் கிண்டல் அடித்தார்: அமெரிக்கர்கள் விண்வெளி நிலையத்துக்குப் போக டிராம்போலினில் குதித்துக்கொள்ளட்டும் என்று. மே மாதம், ராணுவ உபயோகத்துக்கு இன்ஜின் தர மாட்டோம் என்றும் சொன்னார்.

அமெரிக்க காங்கிரஸ் (அவர்களுடைய பார்லிமென்ட்) சும்மா இருக்குமா? செனட்டர் ஜான் மெக்கெய்ன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். நம் வரிப்பணம் புட்டினின் ஆட்கள் பைக்குப் போவதா என்பது அவர் கட்சி. 2014 டிசம்பரில் சட்டம் வந்தது. ராணுவ சாட்டிலைட் ஏவ இனிமேல் ரஷ்ய இன்ஜினுக்குப் புது ஒப்பந்தம் கூடாது.

இப்போது கடைசி வரி. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தத்துக்குத் தடை இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கு அவசியமானால் விலக்கு.

அடுத்த வருஷம் விமானப்படை வந்து தலையைச் சொறிந்தது. "இன்னும் கொஞ்சம் இன்ஜின் வேணும்." மெக்கெய்ன் சில இன்ஜின்களுக்கு மேல் கூடாது என்றார். 2015 டிசம்பரில் வருஷாந்திர பட்ஜெட் மசோதாவுக்குள் சத்தமில்லாமல் நாலு வரி சேர்ந்தது, கட்டுப்பாடு காலி. சேர்த்தவர் அலபாமா செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி. அட்லஸ் ராக்கெட் ஃபாக்டரி எந்த மாநிலத்தில்? சரியாகச் சொன்னீர்கள், அலபாமாவில்தான். மெக்கெய்ன் சபையில் கொதித்தார். கடைசியில் 2016 டிசம்பரில் சமரசம்: இன்னும் 18 இன்ஜின் வரை உபயோகிக்கலாம், 2022-ம் வருஷத்தோடு முற்றும்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தடையோடு ஒரு தேதி இருந்தது. பணமும் இருந்தது. தேதி நெருங்க நெருங்க, அமெரிக்காவில் மாற்று இன்ஜின் செய்கிற வேலையும் நடந்தது. ஒரு பக்கம் ஸ்பேஸ் எக்ஸ் தன் சொந்த இன்ஜினோடு ராணுவ ஆர்டரில் பங்கு கேட்டு வந்தது. இன்னொரு பக்கம் ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் பி.ஈ.-4 இன்ஜின் தயாரானது. கடைசி ரஷ்ய இன்ஜின்கள் 2021-ல் வந்து அலபாமா கோடவுனில் அடுக்கப்பட்டன.

உக்ரைன் யுத்தம் தொடங்கிய பிறகு, 2022 மார்ச்சில் ரோகோஸின் (அப்போது ரஷ்ய விண்வெளி நிறுவனத் தலைவர்) மறுபடி வந்தார். இனி இன்ஜின் கிடையாது, துடைப்பத்தில் பறந்துகொள்ளுங்கள் என்றார். அமெரிக்கர்கள் கோடவுனை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வேண்டியது எல்லாம் உள்ளே இருந்தது! பி.ஈ.-4 பொருத்திய வல்கன் ராக்கெட் 2024 ஜனவரியில் முதல்முறை பறந்தது. அதே வருஷம் ஜூலையில் அட்லஸ்-5 தன் கடைசி ராணுவ சாட்டிலைட்டை ஏற்றிவிட்டு அந்த வேலையிலிருந்து ரிட்டயர் ஆனது.

'வாங்காதே' என்று சட்டம் போட்டது 2014-ல். நிஜமாகவே வாங்க வேண்டாத நிலை வந்தது, கிட்டத்தட்ட பத்து வருஷம் கழித்து.

ஹெலிகாப்டர் போன பாதை

அதே காலத்தில் இன்னொரு கூத்து. ஆப்கானிஸ்தான் விமானப்படையை அமெரிக்கா தன் செலவில் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஹெலிகாப்டர் வேண்டும். ஆப்கன் பைலட்டுகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சோவியத் காலத்திலிருந்தே கைவந்தது ரஷ்ய எம்.ஐ.-17. உயரமான மலைக்கும் வெயிலுக்கும் தூசுக்கும் தாங்குகிற வண்டி. பென்டகன் அதையே வாங்கியது. விற்றது ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோஸொபோரோன்எக்ஸ்போர்ட்.

அதே கம்பெனிதான் சிரியாவில் அஸாத் அரசுக்கும் ஆயுதம் விற்றுக்கொண்டிருந்தது. அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். 2013 ஜனவரியில் கையெழுத்தான சட்டம்: இந்த வருஷத்துப் பட்ஜெட் பணத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு காசு போகக் கூடாது.

2013 ஜூனில் பென்டகன் அதே கம்பெனியிடம் 30 ஹெலிகாப்டர் ஆர்டர் போட்டது. தொகை 57 கோடி 20 லட்சம் டாலர். எப்படி? அது 2012-ம் வருஷத்துப் பணமாம். தடை 2013-ம் வருஷத்துப் பணத்துக்குத்தானாம்! அக்கவுன்ட்ஸில் என் குருநாதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த என்ட்ரிக்கு எல்லோரும் எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

எதிர்ப்பு வலுத்ததும், மேற்கொண்டு வாங்குகிற திட்டத்தை அந்த நவம்பரில் கைவிட்டார்கள். சில வருஷம் கழித்து, எம்.ஐ.-17-க்குப் பதிலாக அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் என்று முடிவானது. சட்டப்படி சரி. ஆனால் ரஷ்ய வண்டியைத் தாங்களே ரிப்பேர் பண்ணத் தெரிந்த ஆப்கன் மெக்கானிக்குகள், பிளாக் ஹாக்குக்கு வெளிநாட்டு கான்ட்ராக்டர்களையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கை அமைப்பே இதை எச்சரித்தது. 2021-ல் கான்ட்ராக்டர்கள் மூட்டை கட்டினார்கள். ஆகஸ்டில் காபூல் விழுந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு ராணுவத்துக்கு எந்த வண்டி என்று முடிவு பண்ணும்போது, ஓட்டப்போகிறவனையும் ரிப்பேர் பண்ணப்போகிறவனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கதை அங்கே முடியவில்லை. ஆப்கானிஸ்தானுக்கென்று வைத்திருந்த எம்.ஐ.-17-களில் சில மிச்சம் இருந்தன. 2022-ல் அமெரிக்கா அவற்றை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? உக்ரைனுக்கு. ரஷ்யாவிடம் காசு கொடுத்து வாங்கின ஹெலிகாப்டர், ரஷ்யாவோடு சண்டை போடப் போனது!

ஒரு காந்தம் பண்ணின ரகளை

இப்போது சீனா. 2022 செப்டம்பரில் ஒருநாள், புது எஃப்-35 போர் விமானங்களை வாங்கிக்கொள்வதை பென்டகன் திடீரென்று நிறுத்தியது. உலகத்திலேயே நவீனமான போர் விமானம். இறக்கை உடைந்ததா? இல்லை. உள்ளே ஒரு பம்புக்குள் ஒரு காந்தம். அந்தக் காந்தத்தில் இருந்த கோபால்ட்-சமேரியம் கலவை சீனாவில் செய்தது. சட்டப்படி கூடாது.

காந்தத்தால் ரகசியம் எதுவும் கசியாது, பறப்பதிலும் ஆபத்து இல்லை என்றார்கள். ஆனால் சட்டம் சட்டம்தானே? அதனால் ஒரு மாதம் விமானங்கள் வரிசையில் நின்றன. அக்டோபரில் ஓர் அதிகாரி விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தப்படி மீதமிருந்த விமானங்களை அந்தக் காந்தத்தோடேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிந்தது விவகாரம்.

ஏன் கழற்றிப் போடவில்லை? ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த 800-க்கும் மேற்பட்ட எஃப்-35-களிலும் அதே சீனச் சரக்குதான். தவிர, சமேரியம் போன்ற அரிய மண் உலோகங்களைச் சுத்திகரிப்பதில் சீனா ஏறக்குறைய ஏகபோகம். ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கம்தான் இதில் உலகத்துக்கே ராஜா. அப்புறம் சீனா மலிவாகக் கொடுத்தது. எல்லோரும் அங்கே போனார்கள். கடையை மூடிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போன கதை.

2025 ஏப்ரலில் சீனா கணக்கைத் திருப்பி எழுதியது. சமேரியம் உள்பட 7 அரிய மண் உலோகங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. 'உன்னிடம் வாங்க மாட்டேன்' என்று இவர்கள் சட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, 'உனக்குக் கொடுக்க மாட்டேன்' என்று அவர்கள் ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள். அந்த ஜூலையில் பென்டகன் மவுன்டன் பாஸ் சுரங்கக் கம்பெனியில் 40 கோடி டாலருக்குப் பங்கு வாங்க ஒப்புக்கொண்டது. விலை விழுந்தால் ஈடுகட்டவும் உத்தரவாதம் கொடுத்தது. தனியார் முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் அரசாங்கமே ஷேர் ஹோல்டர்! இந்தக் காந்தங்கள் சம்பந்தமான அமெரிக்கத் தடை, தோண்டுகிற சுரங்கம் வரைக்கும் நீளுகிற நாள் என்று சட்டத்தில் குறித்திருப்பது 2027 ஜனவரி 1. தேதியும் பணமும் இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

சரி, நமக்கென்ன?

இதுவரை அமெரிக்கா தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, பிறகு தானே அவிழ்த்த கதைகள். 2017 ஆகஸ்டில் வந்த சட்டம் அடுத்தவர் கையையும் கட்டியது. 'காட்ஸா' என்று சுருக்கிச் சொல்வார்கள். ரஷ்ய ராணுவத் தொழிலோடு பெரிய அளவில் யார் கொடுக்கல்-வாங்கல் வைத்துக்கொண்டாலும் தண்டனை. தண்டனைக்கு ஒரு மெனு கார்டே உண்டு: 12 ஐட்டம், அதில் குறைந்தது 5-ஐ ஜனாதிபதி பொறுக்கிக்கொள்ள வேண்டும். செனட்டில் 98-க்கு 2 ஓட்டில் நிறைவேறியது.

2018 அக்டோபரில் டெல்லியில் இந்தியா ரஷ்யாவோடு எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைக்கு ஒப்பந்தம் போட்டது. 543 கோடி டாலர். சட்டத்தின் முதல் வரிப்படி நாம் குற்றவாளி. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே கடைசி வரியைக் கொஞ்சம் அகலமாக்கி வைத்திருந்தார்கள், இந்தியா மாதிரி நண்பர்கள் நுழைய வசதியாக. 2021 கடைசியில் எஸ்-400 வர ஆரம்பித்தது. அதற்காக நம் மேல் காட்ஸா தண்டனை எதுவும் பாயவில்லை. இதே சரக்கை வாங்கின துருக்கிக்கு 2020 டிசம்பரில் தண்டனை விழுந்தது. அதற்கு முன்பே எஃப்-35 திட்டத்திலிருந்தும் வெளியேற்றினார்கள். சீனாவின் ராணுவக் கொள்முதல் துறைக்கு 2018-லேயே தண்டனை. ஒரே சட்டம், ஒரே ஏவுகணை, மூன்று கஸ்டமர், மூன்று பில்.

இதில் நாம் குஷிப்பட ஒன்றுமில்லை. விலக்கு என்பது அடுத்தவன் பாக்கெட்டில் இருக்கிற சாவி. இன்றைக்குத் திறப்பான். நாளைக்கு மூட் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உருப்படியான எண் ஒன்று உண்டு. ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2010-14-ல் இந்தியா இறக்குமதி செய்த ஆயுதங்களில் ரஷ்யாவின் பங்கு 72 சதவீதம். 2020-24-ல் அது 36 சதவீதம். சரிபாதி! இது அமெரிக்கக் காங்கிரஸின் மிரட்டலால் மட்டும் நடந்ததல்ல. பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா என்று கடைகளைக் கூட்டினோம். கொஞ்சம் நாமே செய்யவும் ஆரம்பித்தோம்.

நாமும் 'வாங்காதே' சட்டம் போடுகிறவர்கள்தான். கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்விட்டது 2020 ஜூனில். அடுத்த மாதமே, நம்மோடு நில எல்லை கொண்ட நாட்டுக் கம்பெனிகள் அரசு டெண்டரில் கலந்துகொள்ள முன்பதிவும் அனுமதியும் வேண்டும் என்று விதி வந்தது. சீனா என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. 2022 பிப்ரவரி 9-ல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை. கடைசி வரி? ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு அனுமதியோடு விலக்கு. டிரோன் பாகங்களுக்குத் தடையே இல்லை. மோட்டாரும் பேட்டரியும் வெளியிலிருந்து வராவிட்டால் நம்மூர் டிரோன் எழும்பாது என்பது சட்டம் எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கடைசி வரியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால், எல்லையில் நிற்கிற ஜவான் கையில் சட்டப் புத்தகம் மட்டும்தான் இருக்கும். விலக்கு கொடுப்பது பாவமில்லை. எந்தத் தேதியில் அதை முடிக்கப் போகிறோம், அதற்குள் அந்த மோட்டாரை யார் செய்யப் போகிறார்கள், அவருக்கு யார் ஆர்டரும் அட்வான்ஸும் கொடுக்கப் போகிறார்கள் என்று எழுதாமல் விடுவதுதான் பாவம்.

அடுத்த தடவை பேப்பரில் 'எதிரி நாட்டு ஆயுதத்துக்குத் தடை' என்று கொட்டை எழுத்தில் பார்த்தால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும், மாற்றுச் சரக்குக்கு எங்கேயாவது பர்ச்சேஸ் ஆர்டர் போட்டிருக்கிறார்களா என்று உள்பக்கத்திலும் தேடிப் பாருங்கள். போட்டிருந்தால் இன்னொரு தடவை தட்டலாம், இன்னும் பலமாகவே!